கேட்கப்படாத ஜூரர்

இலங்கையின் மேல் நீதிமன்றத்தில் ஜூரி சபை ஒன்றைத் தெரிவு செய்ய அதிக நேரம் பிடிப்பதில்லை. பட்டியலிலிருந்து குலுக்கலில் ஒரு பெயர் வரும். அதை உரக்க வாசிப்பார்கள். பெயருக்குரியவர் எழுந்து முன்னால் வருவார். அப்போது நீதிமன்றம் ஒரு கேள்வி கேட்கும். அது கூண்டில் நிற்கும் எதிரிக்கான கேள்வி: இவர் உம்மை விசாரிப்பதில் ஆட்சேபனை உண்டா? எதிரியின் சட்டத்தரணி வந்தவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பார். பெயர், தொழில், முகவரி, வயது, உடை. அவ்வளவுதான் அவர் கையில் உள்ள தகவல். தலையசைப்பார், அல்லது ஆட்சேபிப்பார். எழுவர் சேர்ந்ததும் சத்தியப்பிரமாணம் நடக்கும். கொலைக் குற்றச்சாட்டில் இறுதிச் சொல் சொல்லப்போகும் அந்த ஏழு பேரிடமும் அதுவரை எவரும் எதையும் விசாரித்திருக்கமாட்டார்கள்.

ஆட்சேபிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. 1898 ஆம் ஆண்டின் பிரித்தானிய இந்தியக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவை அதற்கான காரணங்களை அடுக்கியது: உண்மையான அல்லது ஊகிக்கத்தக்க பக்கச்சார்பு, வயது, பொலிஸ் கடமை, முன்னைய தண்டனை, சாட்சியம் சொல்லப்படும் மொழி விளங்காமை, உலக விவகாரங்களைத் துறந்த நிலை. அதே ஆண்டில் இலங்கைக்கு வந்த கோவையும் அதே அச்சில் வார்க்கப்பட்டதுதான். துறவியை உடையில் அறியலாம். மொழி தெரியாதவர் இரண்டு வாக்கியத்தில் பிடிபடுவார். முதலில் சொல்லப்பட்ட பக்கச்சார்பை மட்டும் வாயைத் திறக்கவைக்காமல் கண்டுபிடிக்க வழியில்லை. வாயைத் திறக்கவைக்கும் வழக்கமோ எங்களிடம் இல்லை. ஆகவே சட்டத்தரணி பெயரை வைத்து ஊகிக்கிறார். இந்த நாட்டில் ஒரு பெயர் இனத்தைச் சொல்லும், பெரும்பாலும் மதத்தையும் சொல்லும், சில இடங்களில் சாதியையும் சொல்லிவிடும். விசாரிக்காத தெரிவுமுறை இப்படித்தான் இனத்தெரிவாக முடிகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்யவேண்டிய அவசியமே இல்லை.

இதன் விளைவைத் தமிழ் வாசகர்கள் மூன்று வழக்குகளின் பெயரால் அறிவார்கள். 1992 ஆகஸ்ட் 9 அன்று மயிலந்தனையில் 35 பேர் கொல்லப்பட்டனர். வழக்கு மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்கும் பின்னர் கொழும்புக்கும் இடம்மாறி, 2002 நவம்பரில் ஜூரி சபை இராணுவத்தினரை விடுவித்ததோடு முடிந்தது. 1996 பெப்ரவரி 11 இல் நடந்த குமாரபுரம் படுகொலை திருகோணமலை மாவட்டத்தின் துயரம். விசாரணை நடந்தது அநுராதபுரத்தில். 2016 ஜூலை 27 அன்று ஆறு முன்னாள் கோப்ரல்கள் விடுவிக்கப்பட்டனர். நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில், சிங்களம் பேசும் விசேட ஜூரி சபை 2016 டிசம்பர் 24 நள்ளிரவு கடந்த வேளையில் எதிரிகள் ஐவரையும் விடுதலை செய்தது.

இந்தத் தீர்ப்புகள் பிழை என்று நிரூபிக்க நான் வரவில்லை. நிரூபிக்கவும் முடியாது. ஜூரி காரணம் எழுதுவதில்லை. நீதிபதியின் தீர்ப்பு பிழையென்றால் எந்தப் பக்கத்தில் எந்தப் பந்தியில் என்று மேன்முறையீட்டில் சுட்டிக்காட்டலாம்; ஜூரியின் தீர்ப்பு ஒரு சொல், அல்லது இரண்டு சொல். உள்ளே என்ன நடந்தது என்று பின்னர் ஆராய வழியில்லாத ஒரு முறையில், உள்ளே போகிறவர்கள் யார் என்று முன்னரே ஆராய்வதுதான் மிஞ்சியிருக்கும் ஒரே காவல். அந்தக் காவலைத்தான் நாங்கள் வைக்காமல் விட்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு சமச்சீரின்மையும் இருக்கிறது. அது போதிய அளவு பேசப்படவில்லை. ஜூரி வேண்டுமா என்று தெரிவு செய்வது எதிரி. எந்த மொழிப் பட்டியலிலிருந்து ஜூரி வரவேண்டும் என்று தெரிவு செய்வதும் பெரும்பாலும் எதிரிதான். குற்றப்பத்திரம் கையளிக்கப்படும்போது, ஜூரி விசாரணைக்குரிய குற்றமாயின், ஜூரி முன்னிலையில் விசாரிக்கப்பட விரும்புகிறீரா என்று எதிரியிடம் கேட்டே ஆகவேண்டும். கேட்கத் தவறினால் விசாரணையே செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2008 இல் தீர்த்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு இவற்றில் எந்தச் சொல்லும் இல்லை. மறுபுறம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டப்பட்ட தமிழ் இளைஞர்களுக்கு ஜூரி என்பதே கிடையாது. நீதிபதி தனித்திருந்து விசாரிப்பார். தமிழர் எதிரியாக நின்றபோது ஜூரி இல்லை, தமிழர் பிணமாகக் கிடந்தபோது ஜூரி வந்தது என்று வடக்கில் பேசிக்கொள்வது மிகைதான். ஆனால் அந்த மிகைக்கு அடியில் சட்டப்பிரிவுகள் இருக்கின்றன. ரவிராஜ் வழக்கில் குடும்பத்தின் சார்பில் எழுப்பப்பட்ட வாதமே அதுதான்: பயங்கரவாதத் தடைச் சட்டக் குற்றச்சாட்டும் சேர்ந்திருக்கும் வழக்கை ஜூரி எப்படி விசாரிக்கலாம்?

இனம் மட்டுமே கேள்விக்குரிய விஷயம் என்று நினைத்துவிடக்கூடாது. 1951 அக்டோபரில் கொழும்பில் மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மகாதேவ சதாசிவம், இலங்கைக் கிரிக்கெட்டின் பெரும் துடுப்பாட்டக்காரர். நீதியரசர் கிரேஷன் முன்னிலையில் 57 நாட்கள் நடந்த விசாரணையில் கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். 1953 ஜூனில் ஜூரி ஏகமனதாக விடுவித்தது. பத்திரிகைகள் ஒன்றரை வருடமாக அந்த வழக்கைத்தான் விற்றுப் பிழைத்தன. அந்த எழுவரில் எத்தனை பேர் சதாசிவத்தின் ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள், எத்தனை பேர் அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஏற்கனவே ஒரு முடிவோடு வந்தவர்கள்? கடலுக்கு அப்பால் சென்னையில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு இன்னும் பெரிய பாடம். திரை நட்சத்திரங்களான தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஜூரியின் முன் நின்றபோது, தமிழ் பேசும் உலகில் அவர்களைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவரைத் தேடுவது வீண் வேலை. ஜூரி குற்றவாளிகள் என்றது; 1947 இல் மேன்முறையீட்டில் இருவரும் விடுதலையானார்கள். இடையில் போன வருடங்கள் திரும்பவில்லை.

அபிப்பிராயம் இல்லாத ஜூரரைத் தேடுவது என்ற எண்ணமே இந்தத் தீவுக்குப் பிந்தி வந்தது. 1811 இல் ஜூரி முறையைச் சுதேசிகளுக்கு விரித்த பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் வேறுவிதமாக யோசித்தவர். சிறுவயதை மதுரையில் கழித்தவர், தமிழ் அறிந்தவர். அவர் அமைத்தது பதின்மூவர் ஜூரி. எதிரியின் சாதியைச் சேர்ந்தவர்களே அவரை விசாரிக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆளையும் ஊரையும் வழக்கத்தையும் அறிந்தவரே நல்ல ஜூரர் என்று அவர் நம்பினார். 1840களில் சாதிப் பட்டியல் கைவிடப்பட்டு மொழிப் பட்டியல் வந்தது: ஆங்கிலம், சிங்களம், தமிழ். பதின்மூவர் பின்னர் எழுவராயினர். ஐந்துக்கு இரண்டு போதும் என்றாயிற்று. அறிந்தவரைத் தேடிய அமைப்பு மெல்ல மெல்ல அறியாதவரைத் தேடும் அமைப்பாக மாறியது. ஆனால் அறியாதவர்தானா என்று சோதிக்கும் கருவி எதுவும் அதனோடு சேர்க்கப்படவில்லை.

உலகில் இதற்கு இரண்டு எதிரெதிர் பதில்கள் உண்டு. இங்கிலாந்து ஜூரரிடம் ஏறக்குறைய எதுவும் கேட்பதில்லை. காரணம் சொல்லாமல் ஆட்சேபிக்கும் உரிமையையும் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்துவிட்டது. குலுக்கல்தான் காவல், பன்னிருவரில் ஒருவரின் கோணல் மற்றவர்களால் நிமிர்த்தப்படும் என்பது அங்குள்ள நம்பிக்கை. அமெரிக்கா மறுகோடி. அங்கே வழக்கறிஞர்கள் மணிக்கணக்காக, சில வழக்குகளில் வாரக்கணக்காகக் கேட்பார்கள். என்ரோன் நிறுவன அதிகாரி ஸ்கில்லிங்கின் வழக்கில் ஜூரர்களுக்கு 77 கேள்விகள் கொண்ட படிவம் அனுப்பப்பட்டது. ஆனால் அந்தச் சுதந்திரம் கறுப்பின ஜூரர்களை வரிசையாக வெளியேற்றவும் பயன்பட்டதால், இனத்தைக் காரணமாகக் கொண்டு ஆட்சேபிக்கக்கூடாது என்று 1986 இல் பாட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அதன்பின் வழக்கறிஞர்கள் வேறு காரணங்களைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டார்கள் என்பது தனிக் கதை.

ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடா இடைவழி ஒன்றைப் பிடித்தது. 1993 இல் ஒன்ராரியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் பார்க்ஸ் வழக்கில் ஒரு கேள்வியை அனுமதித்தது. எதிரி கறுப்பர், இறந்தவர் வெள்ளையர் என்ற உண்மை, சாட்சியத்தைப் பாரபட்சமின்றி எடைபோடும் உங்கள் ஆற்றலைப் பாதிக்குமா என்பதுதான் அதன் சாரம். 1998 இல் கனடா உச்ச நீதிமன்றம் வில்லியம்ஸ் வழக்கில் பழங்குடியினர் விடயத்திலும் அந்த வழியை ஏற்றது. சமூகத்தில் பரவலாக ஒரு பாரபட்சம் இருக்கிறது என்றால், இந்த ஜூரரிடம் இருக்கிறதென்று முன்கூட்டி நிரூபிக்காமலே கேட்கலாம் என்பது அதன் நியாயம். 2019 இல் காரணமில்லா ஆட்சேபனையைக் கனடா ஒழித்தது. பழங்குடி இளைஞர் ஒருவரைச் சுட்டவர் விடுதலையான வழக்குக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பின் விளைவு அது. கேள்வி மட்டும் நிலைத்தது. இப்போது பதிலை எடைபோடுபவர் நீதிபதி.

இங்கிலாந்தின் பதில் எங்களுக்கு ஏன் பொருந்தாது என்பதைச் சொல்லியாகவேண்டும், ஏனெனில் எங்கள் சட்ட வட்டாரம் இன்னும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. குலுக்கல் காவலாக இருக்கவேண்டுமானால் பெட்டிக்குள் எல்லோரும் இருக்கவேண்டும். மொழியால் பிரித்த பெட்டி, அதிலும் ஒரு தரப்பு தெரிந்தெடுத்த பெட்டி, எவ்வளவு குலுக்கினாலும் அதில் உள்ளவர்களையே தரும். இங்கிலாந்தின் மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மௌனத்தைத் தாங்கும் கலவையான பட்டியலை விட்டுவிட்டோம்.

கேட்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? இங்கேதான் விஷயம் நுட்பமாகிறது. சட்டத்தரணி ஒருவர் முதலில் கேட்க நினைப்பது அநேகமாக மிக மோசமான கேள்வி: உங்களால் நடுநிலையாக இருக்க முடியுமா? இதற்கு உலகம் முழுவதும் ஒரே பதில்தான். ஓம், முடியும். பொய்யும் அல்ல, தன்னைப் பாரபட்சமானவன் என்று நினைத்துக்கொண்டு காலையில் கண்விழிப்பவர் யாருமில்லை. பார்க்ஸ் கேள்வியின் பலவீனமும் இதுவே. ஆம், இல்லை என்று முடியும் கேள்வி, மனச்சாட்சி உள்ளவரைத்தான் பிடிக்கும். தன் சாய்வை அறியாதவர் நிமிர்ந்த முதுகோடு உள்ளே போய்விடுவார்.

ஒருவரின் குணத்தைப் பற்றிக் கேட்பதைவிட அவருக்கு நடந்ததைப் பற்றிக் கேட்பது எப்போதும் பயன்தரும். பொலிஸாரை நம்புகிறீர்களா என்பதை விட, பொலிஸ் நிலையத்துக்குக் கடைசியாக எதற்குப் போனீர்கள், என்ன நடந்தது என்பது நல்ல கேள்வி. பதில் வரும்போது குறுக்கிடாமல் இருப்பதும், பிறகு "இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்பதும் கேள்வியைவிட முக்கியம். தன் தயக்கத்தை ஒருவர் ஒப்புக்கொண்டால் அவரைக் கண்டிக்கவோ உடனே திருத்தவோ கூடாது. பின்னால் வரிசையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாமவர் உண்மை சொல்லி அவமானப்பட்டால் மற்ற எல்லோரும் பொய் சொல்வார்கள். நீதிபதிகள் செய்யும் வழக்கமான தவறு இதுதான்: "ஆனாலும் நான் சொல்லும் சட்டத்தைப் பின்பற்றுவீர்கள்தானே?" மேலே இருந்து இப்படி வரும் கேள்விக்கு இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? 1987 இல் அமெரிக்காவில் சூசன் ஜோன்ஸ் நடத்திய ஆய்வில், நீதிபதி கேட்டபோது மக்கள் தங்கள் முந்திய கருத்தை மாற்றிச் சொன்ன அளவு, வழக்கறிஞர் கேட்டபோது மாற்றியதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அதிகாரத்துக்குப் பிடித்த பதிலைச் சொல்வது மனித இயல்பு. எங்கள் ஊரில் அந்த இயல்பு கொஞ்சம் கூடுதல் என்பது என் எண்ணம்.

சட்டத்தின் அடிப்படைகளும் கேள்விக்குள் வரவேண்டும். எதிரி வாய் திறக்காமல் இருக்கலாம். அதிலிருந்து குற்றத்தை ஊகிக்கக்கூடாது என்பது சட்டம். மௌனம் சம்மதம் என்பது எங்கள் பழமொழி. நெருப்பில்லாமல் புகையாது என்பதும் எங்கள் பழமொழிதான். இரண்டையும் பாலோடு குடித்து வளர்ந்த ஒருவரிடம், விசாரணை முடிவில் நீதிபதி அரை மணி நேரம் விளக்கினால் போதுமா? ஆரம்பத்திலேயே கேட்டுவிடலாம்: உங்கள் பிள்ளைமேல் பக்கத்து வீட்டுக்காரர் களவுப் பட்டம் கட்டுகிறார், பிள்ளை பேசாமல் நிற்கிறான், என்ன நினைப்பீர்கள்? பதிலில் ஆள் தெரிவார். அதே நேரம், இன்ன சாட்சி இப்படிச் சொன்னால் நம்புவீர்களா என்று வழக்கையே முன்கூட்டி விற்கும் கேள்வியை நீதிபதி தடுக்கவேண்டும். அமெரிக்க வழக்கறிஞர்கள் பலர் ஜூரித் தெரிவைத் தங்கள் முதல் வாதவுரையாகவே நடத்துகிறார்கள். அந்த வியாதி இங்கே தேவையில்லை.

இதையெல்லாம் மன்னாரில் வைத்துப் பார்க்கலாம். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் மாவட்டம். சுமார் பாதிப் பேர் கத்தோலிக்கர், மற்றவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும். ஏறக்குறைய எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். ஆகவே தமிழ் பேசும் ஜூரி என்ற சொல்லுக்கு இங்கே பொருளே வேறு. கொழும்பில் மொழிப் பட்டியல் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். மன்னாரில் அது பிளவை மறைத்துவிடும்.

2012 ஜூலையில் உப்புக்குளம் மீன் இறங்குதுறைத் தகராறு எவ்வளவு தூரம் போனது என்பது ஊருக்குத் தெரியும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுத் திரும்பிவந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும், இடைப்பட்ட காலத்தில் அந்த இடத்தில் தொழில் செய்த தமிழ் மீனவருக்கும் இடையிலான தகராறு அது. நீதவானின் கட்டளையைத் தொடர்ந்து நீதிமன்றமே கல்லெறிக்கு உள்ளானது. நாடெங்கும் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்தார்கள். அப்படியொரு தகராறில் ஒருவர் கொல்லப்பட்டு, வழக்கு மன்னார் மேல் நீதிமன்றத்துக்கு வந்து, எதிரி தமிழ் பேசும் ஜூரி கேட்டார் என்று கற்பனை செய்யுங்கள். முஸ்லிம்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், கத்தோலிக்கரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் தாயும் பிள்ளையும்போலத்தான் என்பார்கள். அதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம்: 1990க்குப் பிறகு உங்கள் குடும்பம் எங்கெங்கே இருந்தது? ஒருவர் கல்பிட்டிக்குப் படகில் போய்ப் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்ததைச் சொல்வார். ஒருவர் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போய் மண்டபம் முகாமில் பத்து வருடம் இருந்ததைச் சொல்வார். ஒருவர் மடுவில் மரத்தடியில் கிடந்ததைச் சொல்வார். யாரையும் குற்றஞ்சாட்டாத கேள்வி. எல்லோருக்கும் பதில் உண்டு. அதைச் சொல்லும்போது யாரைப் பெயர் சொல்லாமல் "அவர்கள்" என்கிறார், எந்த இடத்தில் குரல் இறுகுகிறது, திரும்பி வந்தபோது காணியில் யார் இருந்ததாகச் சொல்கிறார் என்று கவனித்தால் போதும்.

இங்கே இனத்தையும் மதத்தையும்விட ஆழமாக ஓடும் ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை ஒருபோதும் ஊகிக்கமுடியாது. கரையோரத்தில் படகு முதலாளியான ஒரு சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய தொழிலாளி, அந்தச் சம்மாட்டியோ அவருடைய மருமகனோ சம்பந்தப்பட்ட வழக்கில் சுதந்திரமாக இருப்பாரா? யாருடைய படகில் போகிறீர்கள், வலையும் இயந்திரமும் யாருடையவை, மீனை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகள் ஒரு மனிதனின் கட்டுப்பாடுகளை முழுதாகக் காட்டிவிடும். இதேபோல் எந்தத் தேவாலயப் பங்கு, எந்தப் பள்ளிவாசல் ஜமாஅத், கடற்றொழிலாளர் சங்கத்தில் பதவி உண்டா, எதிரி அல்லது சாட்சி வீட்டில் ஞானப்பெற்றோராக நின்றிருக்கிறீர்களா என்பவையும் கேட்கத்தக்கவை. பேசாலையிலோ வங்காலையிலோ ஞானத்தகப்பன் உறவு இரத்த உறவுக்குக் குறைந்ததல்ல. ஆனால் எந்தப் பட்டியலிலும் அது வராது.

சாதியைக் கேட்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. கேட்பவர் அதைக் கேட்ட கணத்திலேயே மண்டபம் இரண்டாகப் பிரியும். ஜோன்ஸ்டனின் பட்டியல் வேறு வேடத்தில் திரும்பிவரும். உறவையும் தொழிலையும் ஒழுங்காகக் கேட்டால் தேவையான அளவு தானாகத் தெரியும்.

கடைசியாகப் பயம். 2025 ஜனவரி 16 அன்று மன்னார் நீதிமன்றத்துக்கு முன்னால் பட்டப்பகலில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். இதற்குப் பிறகு இந்த ஊரில் ஜூரராக அழைக்கப்படும் ஒருவரிடம், தீர்ப்புக்குப் பின் பயமின்றி வீட்டுக்குப் போகலாமென்று நினைக்கிறீர்களா என்று கேட்காமல் விடுவது அலட்சியம். அதை எதிரியின் ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பது அதைவிட அலட்சியம். ஆகவே இடம் முக்கியம்: நீதிபதியின் அறையில், இரு தரப்புச் சட்டத்தரணிகளும் இருக்க, ஒவ்வொருவராக. மற்ற ஜூரர்கள் பதிலைக் கேட்டுப் பாடமாக்குவதும் அதனால் குறையும்.

எதிர்ப்புகள் தெரிந்தவைதான். நேரம் போகும்; வழக்குகள் ஏற்கனவே பத்து, இருபது வருடம் இழுபடுகின்றன. ஸ்கில்லிங் வழக்கில் எழுத்துப் படிவத்துக்குப் பிறகு ஜூரித் தெரிவு முடிய ஐந்து மணித்தியாலம் போதுமாயிருந்தது. குமாரபுரம் வழக்கு தீர்ப்புக்கு வர இருபது ஆண்டுகள் ஆயிற்று. தனிமனித அந்தரங்கம் பாதிக்கப்படும் என்பது இன்னும் கனமான எதிர்ப்பு. முகாம், காணாமற்போனவர், இழந்த பிள்ளை பற்றியெல்லாம் ஒரு அந்நியரிடம் பேசவைப்பது சிறிய விஷயமல்ல. சொல்ல விரும்பாதவர் காரணமின்றி விலக அனுமதிக்கலாம். விலகியதைப் பதிவில் ஏற்றவேண்டியதில்லை. ஜூரியையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியா நானாவதி கொலை வழக்குக்குப் பிறகு மெல்லக் கைகழுவியது. சிங்கப்பூர் 1969 இல், மலேசியா 1995 இல் ஒழித்தன. யாழ்ப்பாணத்தில் நடந்த கிருஷாந்தி கொலையின் வழக்கையும் மிருசுவில் படுகொலையின் வழக்கையும் ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதாயங்களே தண்டனையில் முடித்தன என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அது நியாயமான வாதம். ஆனால் ஒழிக்கும்வரை ஜூரி இருக்கிறது. அடுத்த குற்றப்பத்திரம் கையளிக்கப்படும்போது எதிரியிடம் அந்தத் தெரிவு வைக்கப்படத்தான் போகிறது.

சட்டத்தைத் திருத்துவதாயின் பெரிய மாற்றம் தேவையில்லை. மூன்று மொழிகளிலும் ஒரு பக்கப் படிவம்: குடியிருந்த இடங்கள், தொழில் உறவு, உறவுமுறை, சங்கம், பொலிஸ் மற்றும் படையினருடனான அனுபவம். இரு தரப்பும் முன்மொழியும் கேள்விகளிலிருந்து நீதிபதி தெரிந்தெடுப்பார். கேட்பவர் சட்டத்தரணியாக இருக்கலாம், தடுப்பவர் நீதிபதியாக இருக்கவேண்டும். ஆட்சேபனைக்குக் காரணம் சொல்லியே ஆகவேண்டும், இனமோ மதமோ காரணமாகாது. மொழிப் பட்டியலைத் தெரிவு செய்யும் உரிமையில் பாதிக்கப்பட்ட தரப்புக்கும் ஒரு குரல் கொடுப்பது இதைவிடக் கடினம். ஏனெனில் சாட்சிகள் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் வாயால் சிங்களத்தில் கேட்டுத் தீர்மானித்த ஜூரி சபைகளின் நீண்ட வழக்கத்தை அது தொடும். முதலில் திறக்கவேண்டிய கதவு எதுவென்று கேட்டால், என் தெரிவு அந்தக் கடினமானதுதான். படிவம் பிறகும் வரலாம்.